மலையில் வேகாத அரிசி

முள்ளியவளை
18.02.1955

மருமகன் கனகலிங்கத்துக்கு மாமி நாகேஸ்வரி எழுதிக்கொள்வது.

இங்கே நாங்கள் சுகம். அங்கே சுகமா என்று வழக்கத்துக்காகக் கேட்கவில்லை, உண்மையிலேயே தெரியவேண்டியிருப்பதால் கேட்கிறேன்.

முகத்துக்கு முன் நின்று மருமகனோடு கதைக்கும் பழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. கலியாணம் முடிந்து நீங்கள் இங்கே தங்கிய நாட்களில்கூட, குசினிக் கதவுக்குப் பின்னால் நின்று உங்கள் மாமாவுக்குச் சொல்வதுபோலத்தான் உங்களுக்குச் சொன்னேன். கடிதத்துக்குக் கதவு தேவையில்லை. ஆகையால் நேரே கேட்கிறேன். என் மகளுக்கு அங்கே என்ன நடக்கிறது?

மார்கழியில் நுவரெலியாவுக்குப் போனவள் முதலில் நாலு பக்கம் எழுதினாள். பிறகு இரண்டு பக்கம். இப்போது அரைப் பக்கம், அதுவும் எழுத்தெல்லாம் கீழே சரிந்து. "சோறு வேகுதில்லை அம்மா. நித்திரை வருகுதில்லை. படி ஏறினால் மூச்சு முட்டுது." இவ்வளவுதான். எங்கள் சிவலைப் பசு கன்று போட்டதை எழுதியிருந்தேன். அந்தப் பசுவுக்குப் பெயர் வைத்தவளே அவள்தான். என்ன கன்று என்றுகூடக் கேட்கவில்லை. நான் எழுதுவது அவள் கைக்குப் போகிறதா?

சோறு வேகவில்லை என்பதும் எனக்கு விளங்கவில்லை. நாங்கள் கொடுத்துவிட்டது எங்கள் வயல் நெல்லைப் புழுக்கிக் குற்றிய அரிசி. அது இங்கே வேகிறது, வவுனியாவில் வேகிறது, யாழ்ப்பாணத்தில் உங்கள் தாய் வீட்டிலும் வெந்தது. உங்கள் அடுப்பில் மட்டும் ஏன் வேகவில்லை? விறகு வாங்கிக் கொடுக்கிறீர்களா?

மலைநாட்டுச் சந்தைகளுக்குக் கருவாடு கொண்டுபோகும் கலந்தர் நானா போன கிழமை உங்கள் வீட்டுக்கு வந்தாராம். விமலா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாளாம். "புள்ள ஓடி வந்த மாதிரி இளைக்குது தங்கச்சி. ஆனா குசினியில இருந்துதான் வந்தது" என்றார். உங்கள் கன்னம் இரண்டும் சிவந்திருந்தது என்றும் சொன்னார். கறுத்த ஆம்பிளையின் கன்னம் சிவக்க எங்கள் வன்னியில் ஒரு காரணம்தான் உண்டு. அது போத்தலில் வரும்.

பதில் எழுதுங்கள். அவள் கையாலும் நாலு வரி வேண்டும்.

நாகேஸ்வரி

*

நுவரெலியா
27.02.1955

மதிப்புக்குரிய மாமிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். முதல் தரம் கோபம் வந்தது. இரண்டாம் தரம் இன்னும் கூட வந்தது.

நான் குடிப்பதில்லை. இங்கே எல்லோருடைய கன்னமும் சிவப்புத்தான். பண்ணையில் என்னோடு வேலை செய்கிறவர்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள், கோயில் ஐயர் உட்பட. குளிர் காற்று ஒரு காரணம். உயரம் இன்னொரு காரணம். இந்த ஊர் கடலில் இருந்து ஆறாயிரம் அடிக்கு மேலே இருக்கிறது. மேலே போகப் போகக் காற்று ஐதாகும். ஒரு மூச்சில் கீழே கிடைப்பது இங்கே கிடைக்காது. அதனால் உடம்பு இரத்தத்தைக் கூட்டிக்கொள்கிறது. பண்ணைக்கு வரும் டொக்டர் சொன்னது இது.

அரிசிக் கதையும் அதேதான். இங்கே தண்ணீர் சீக்கிரம் கொதிக்கும், ஆனால் அந்தக் கொதியில் சூடு குறைவு. உங்கள் புழுங்கல் அரிசி அதில் அங்கே வேகிற நேரம் கிடந்தால் நடுவில் கல்லாகத்தான் இருக்கும். விறகு தாராளமாக இருக்கிறது.

கருவாடு விற்க வந்தவர் என் கன்னத்தை ஏன் பார்த்தார் என்று நானும் கேட்கலாம். வீட்டுக்கு ஆள் வைத்துப் பார்ப்பது நல்ல பழக்கம் இல்லை.

விமலாவுக்கு மூச்சு வாங்குவது உண்மை. நான் வந்த புதிதில் எனக்கும் வாங்கியது. தலையிடித்தது, விடிய விடிய நித்திரை இல்லாமல் கிடந்தேன். ஒரு மாதத்தில் எல்லாம் பழகிவிட்டது. அவளுக்கும் பழகும். உங்கள் கடிதங்கள் எல்லாம் அவள் கைக்குப் போகின்றன. கன்றைப் பற்றிய கடிதத்தைத் தலையணைக்குக் கீழே வைத்திருக்கிறாள். எழுதத் தொடங்கினால் களைத்துப் படுத்துவிடுகிறாள், அவ்வளவுதான்.

இன்னொரு செய்தி. விமலா முழுகாமல் இருக்கிறாள். மூன்று மாதம். நீங்கள் சந்தோசப்படுவீர்கள் என்று நினைத்து இதைக் கடைசியில் வைத்தேன். ஸ்ரூடியோவில் எடுத்த படம் ஒன்றும் வைத்திருக்கிறேன். உங்கள் மகள் உயிரோடு இருப்பதை நீங்களே பாருங்கள்.

கனகலிங்கம்

*

முள்ளியவளை
20.03.1955

மருமகனுக்கு,

செய்தி கிடைத்த அன்றே காட்டா விநாயகருக்குத் தேங்காய் உடைத்தோம். உங்கள் மாமா முள்ளியவளை முழுக்கச் சைக்கிளில் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். எனக்கும் சந்தோசம்தான். படத்தைப் பார்க்கும் வரைக்கும்.

யார் அவள் கன்னத்தில் ரோசாப்பூச் சாயம் பூசினது? உதட்டிலும் பூசியிருக்கிறது. ஸ்ரூடியோக்காரன் படத்தில் பூசியிருப்பான் என்று மாமா சொல்கிறார். பூசச் சொன்னது யார் என்பதுதான் என் கேள்வி. பூசாத முகத்தை எனக்குக் காட்டப் பயமா?

காப்புகளுக்குச் சாயம் பூச மறந்துவிட்டீர்கள். கலியாணத்தன்று அந்தக் காப்புகளைச் சவர்க்காரம் போட்டுத்தான் ஏற்றினோம். அவள் "ஐயோ அம்மா, எலும்பு முறியுது" என்று கத்தினாள். படத்தில் அவை முழங்கைக்குக் கிட்ட நிற்கின்றன. பிள்ளை வயிற்றில் இருக்கும் பொம்பிளை ஊதுவாள், உலர மாட்டாள்.

உயரம், காற்று, கொதி என்று எழுதியதை எல்லாம் மாமா எனக்கு மூன்று தரம் வாசித்து விளங்கப்படுத்தினார். எனக்கு விளங்கியது ஒன்றுதான். உங்களுக்கு ஒரு மாதத்தில் பழகியது அவளுக்கு மூன்று மாதமாகியும் பழகவில்லை. அது ஏன் என்று நீங்கள் எழுதவில்லை.

தலைப்பிள்ளைப் பேறு தாய் வீட்டில்தான். ஏழாம் மாதம் கூட்டிக்கொண்டு வந்து விடுங்கள், அல்லது நாங்கள் வந்து கூட்டி வருகிறோம். இதில் கதைப்பதற்கு ஒன்றும் இல்லை.

கலந்தர் நானாவிடம் ஒரு போத்தல் கொடுத்துவிடுகிறேன். கருவாட்டு மணம் ஏறாமல் இருக்கத் தக்கை வைத்து மெழுகு உருக்கி இறுக்கமாக அடைத்திருக்கிறேன். விமலாவுக்குக் காலையில் ஒரு கரண்டி. என்ன ஏது என்று நீங்கள் ஆராய வேண்டாம். அவளுக்குத் தெரியும்.

நாகேஸ்வரி

*

நுவரெலியா
04.04.1955

மாமிக்கு,

போத்தல் வந்தது. அதைப் பற்றி எழுதுவதா விடுவதா என்று சில நாள் யோசித்தேன். எழுதுகிறேன்.

மேசையில் வைத்து மெழுகைச் சுரண்டினேன். தக்கையில் கை வைக்கவில்லை. அது தானாக எம்பி முகட்டில் போய் அடித்தது. உள்ளே இருந்த கறுப்புக் குழம்பு சீறிக்கொண்டு எழும்பி மேசை எல்லாம் வழிந்தது. நான் படித்தவன். இப்படியான விஷயங்களை நம்புகிறவன் இல்லை. ஆனால் அடைத்த போத்தலுக்குள் யார் இருந்து தள்ளினார்கள்?

"வன்னியில பொம்பிளை எடுக்கிறாய், அவையள் தாறதை வாயில வைக்காதை" என்று அம்மா கலியாணத்துக்கு முதலே சொன்னவா. நான் சிரித்தேன். என்ன ஏது என்று ஆராய வேண்டாம் என்று நீங்கள் எழுதியபோதே நான் யோசித்திருக்க வேண்டும். விமலா அதைத் தரச் சொல்லிக் கேட்டு அழுதாள். நான் கொடுக்கவில்லை. பண்ணைக் கந்தோரில் என் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டியிருக்கிறேன். இனி எந்தச் சாமானும் அனுப்ப வேண்டாம்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். அவளுக்கு ஏன் பழகவில்லை என்று கேட்டீர்கள். எனக்கும் அதே சந்தேகம்தான். என்னைக் கண்டால் மூச்சு வாங்குகிறது. தண்ணீர் எடுக்கச் சொன்னால் தலை சுற்றுகிறது. உங்கள் கடிதம் வந்த அன்று எழும்பவே இல்லை. ஊருக்குக் கூப்பிடுவதற்காகத் தாயும் மகளும் பேசி வைத்த கூத்தோ என்று நினைக்க வேண்டியிருக்கிறது.

பேறு இங்கேதான். இங்கே ஆஸ்பத்திரி இருக்கிறது. காய்ச்சலும் நுளம்பும் இருக்கிற ஊருக்கு என் பிள்ளையை அனுப்ப மாட்டேன்.

கனகலிங்கம்

*

முள்ளியவளை
13.04.1955

கனகலிங்கத்துக்கு,

நாளைக்கு வருசம் பிறக்கிறது. இந்த வீட்டில் பொங்கல் இல்லை.

சூனியம் செய்ய எங்களுக்குத் தெரிந்திருந்தால் வயலுக்குள் இறங்கும் யானையை முதலில் நிறுத்தியிருப்போம். உங்களுக்குச் செய்வதென்றால் இவ்வளவு காலம் ஏன் காத்திருந்தோம்?

அது அயச்செந்தூரம். இரும்பைப் புடம் போட்டுப் பொடியாக்கித் தேனில் குழைத்தது. எங்கள் பரியாரியார் வீரகத்தி கையால் செய்தது. காய்ச்சலில் கிடந்து எழும்பின பிள்ளைகளுக்கு இரத்தம் ஊறக் கொடுப்பது. விமலாவுக்கு வருசா வருசம் மாரி கழிய நான் கொடுத்து வந்தேன். மலைக்குப் போனபின் அது இல்லை. அவள் அதைக் கேட்டு அழுதாளா? அழுகிறவளைப் பார்த்துக்கொண்டு பூட்டினீர்களா?

கூத்து என்று எழுதின கைக்கு இனி நான் பதில் எழுதுவதாக இல்லை. வயலில் கிடக்கிற வேலை முடியட்டும். வைகாசி பிறந்ததும் மாமாவும் நானும் புறப்பட்டு வருகிறோம். கதவுக்குப் பின்னால் நின்று கதைக்க மாட்டேன்.

நாகேஸ்வரி

*

நுவரெலியா
09.05.1955

மாமிக்கு,

நீங்கள் புறப்பட வேண்டாம். நாங்கள் வருகிறோம். காரணத்தை இருந்த மாதிரியே எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனோம். கொஞ்சப் படிதான். பாதியில் விமலா "கொஞ்சம் நில்லுங்கோ" என்றாள். நான் நிற்கவில்லை. மேலே போய்த் திரும்பிப் பார்த்தபோது படியில் சரிந்து கிடந்தாள். உதடும் நகமும் வெளுத்துச் சுண்ணாம்பு நிறம். தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

டொக்டர் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். வயிற்றில் இடது பக்கம் கை வைத்து அழுத்தினார். பிறகு என்னிடம், "இவ எந்த ஊர்?" என்று கேட்டார். சொன்னேன். "அதுதானே" என்றார். விலாவுக்குக் கீழே மண்ணீரல் வீங்கிக் காய்ச்சல் கட்டி இருக்கிறது. சின்ன வயதிலேயே பல வருசம் மலேரியா இரத்தத்தைத் தின்றிருக்கிறது. கீழே இருந்தால் அந்த இரத்தத்தோடு ஒருமாதிரிச் சமாளிக்கலாம். மேலே வந்தால் எல்லோருடைய உடம்பும் புதிதாக இரத்தம் ஊறவைக்கும், அதற்கு இரும்பு வேண்டும். என்னிடம் இருந்தது, அதனால் எனக்குப் பழகியது. அவளிடம் இல்லை. இருந்த கொஞ்சத்தையும் வயிற்றில் இருக்கும் பிள்ளை எடுக்கிறது. "இது நடிப்பு இல்லை, மூச்சுக்குப் பட்டினி" என்றார். நான் நடிப்பு என்று அவரிடம் சொல்லவே இல்லை. என் முகத்தில் எழுதியிருந்ததோ தெரியாது.

போத்தலை எடுத்துப்போய்க் காட்டினேன். தக்கை பறந்ததைச் சொன்னதும் சிரித்தார். கீழே அடைத்த காற்று மேலே வந்தால் விரியும், தேனும் கொஞ்சம் புளித்திருக்கும் என்றார். காற்று ஐது என்று உங்களுக்குப் பாடம் எடுத்தவன் நான். குழம்பை அவர் கொடுக்கச் சொல்லவில்லை, அளவு தெரியாது என்று வைத்துவிட்டார். இரும்பு மாத்திரை தந்தார். தாமதிக்காமல் கீழே கொண்டுபோகச் சொன்னார்.

ஆனால் இதை எனக்கு ஏன் சொல்லவில்லை? கலியாணம் பேச வந்தபோது "பிள்ளைக்கு ஒரு வருத்தமும் இல்லை" என்று மாமா சொன்னார். நீங்கள் கதவுக்குப் பின்னால் நின்றீர்கள். காய்ச்சல் கட்டி இருந்தது உங்களுக்குத் தெரியும். மறைத்துத்தானே கட்டிவைத்தீர்கள்?

கனகலிங்கம்

*

முள்ளியவளை
16.05.1955

மருமகனுக்கு,

மாங்குளம் ஸ்ரேசனில் மாமா கலந்தர் நானாவின் லொறியோடு நிற்பார். விமலாவுக்குக் காலில் சப்பாத்துப் போட்டு, கழுத்தை மூடி, மெதுவாகக் கொண்டு வாருங்கள். ரயிலில் ஏறி இறங்கும்போது நீங்கள் முன்னுக்குப் போக வேண்டாம். அவளுக்குப் பின்னால் நில்லுங்கள்.

மறைத்தோம் என்று எழுதியதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் குறிப்புப் பார்த்தீர்கள். காணி உறுதியைப் பார்த்தீர்கள். கிணற்றுத் தண்ணீரைக் குடித்துப் பார்த்தீர்கள். இந்தப் பிள்ளை மலை ஏறுவாளா என்று யார் கேட்டது? மலைக்குக் கொண்டு போகப் போகிறோம் என்று நீங்களும் அன்றைக்குச் சொல்லவில்லை. அந்தப் பெரிய காய்ச்சல் வருசத்தில் அவள் கைக்குழந்தை. எங்கள் ஒழுங்கையில் எத்தனை தொட்டில் வெறுமையானது என்று உங்களுக்குத் தெரியாது. வன்னியில் பிறந்து அந்தக் கட்டி இல்லாத பிள்ளை ஒன்றைக் கண்டால் எனக்கும் காட்டுங்கள். இங்கே அதை யாரும் வருத்தம் என்று சொல்வதில்லை. பிழைத்து எழும்பின பிள்ளை என்றுதான் சொல்வோம்.

வாருங்கள்.

நாகேஸ்வரி

*

நுவரெலியா
25.06.1955

மாமிக்கு,

நான் திரும்பி வந்து மூன்று கிழமையாகிறது. விமலாவின் கையெழுத்தில் ஒரு வரி இல்லை. மாமா ஒரு தபாலட்டையில் "சுகம்" என்று மட்டும் எழுதியிருக்கிறார். முன்பு நீங்கள் கேட்டதை இப்போது நான் கேட்கவேண்டியிருக்கிறது. நான் எழுதும் கடிதங்கள் அவள் கைக்குப் போகின்றனவா?

ரயில் இறங்கிவந்த கதையை உங்களுக்குச் சொல்ல நேரம் கிடைக்கவில்லை. நானுஓயாவில் ஏறியபோது என் தோளில் சாய்ந்து வாயால் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். கடுகண்ணாவை தாண்டிக் கீழே வரவர அவள் மூச்சு மெதுவாக அடங்கியது. பொல்கஹவெலயில் வண்டி மாறக் காத்திருந்தபோது, "பசிக்குது" என்றாள். மாதக்கணக்கில் அந்தச் சொல்லை அவள் வாயில் நான் கேட்டதில்லை. வடை வாங்கிக் கொடுத்தேன். அவள் சாப்பிட்டதைப் பார்க்க எனக்கு அழுகை வந்தது. யாருக்கும் காட்டவில்லை.

உங்கள் வீட்டில் இருந்த நாட்களில் நான் நித்திரையாகவே கிடந்தது உண்மை. வெக்கையும் கனத்த காற்றும் என்னைப் போட்டு அமத்தியது. கன்னச் சிவப்பும் உடனே இறங்கவில்லை. அதற்காக நீங்கள் என் செம்பை எடுத்து மணந்து பார்த்ததை நான் கண்டேன். கண் மூடியிருந்தேன், நித்திரை இல்லை.

பேறு முடிந்ததும் அவளை அனுப்புவீர்களா? "இனி அவள் மலை ஏறமாட்டாள்" என்று குசினிக்குள் நீங்கள் பக்கத்து வீட்டு நாகப்பூசணி மாமியிடம் சொன்னதும் என் காதில் விழுந்தது. அது எனக்கு விழவேண்டும் என்று சொன்னதா? ஒரேயடியாகப் பிரித்து வைக்கத்தான் இவ்வளவுமோ என்று இரவில் நினைப்பு வருகிறது. பகலில் போய்விடுகிறது.

கனகலிங்கம்

*

முள்ளியவளை
10.08.1955

மருமகன் கனகலிங்கத்துக்கு,

தந்தி கிடைத்திருக்கும். ஆம்பிளைப் பிள்ளை. நாள் இருக்க முந்திவிட்டான். சின்னப் பிள்ளை, என் இரண்டு கைக்குள் அடங்குகிறான். வவுனியாவில் ஆஸ்பத்திரியில் விமலாவுக்கு இரத்தம் ஏற்றினார்கள். ஒருநாள் முழுக்க எங்களுக்கு எதுவும் நிச்சயமில்லை. அதைத் தந்தியில் எழுதவேண்டாம் என்று மாமாவிடம் நான்தான் சொன்னேன். நீங்கள் தனியாக இருந்து வாசிப்பீர்கள் என்பதால்.

இப்போது இரண்டு பேரும் வீட்டில். பிள்ளையின் குரல் வயல் வரைக்கும் கேட்கிறது. மூச்சுக்குக் குறைவில்லை.

செம்பை மணந்து பார்த்தேன். தண்ணீர்தான். அதை அன்றைக்கே மாமாவிடம் சொல்லிவிட்டேன். உங்களிடம் சொல்ல எனக்குக் கதவு குறுக்கே நின்றது.

கடிதங்களை நான் மறிக்கவில்லை. எல்லாம் அவள் தலையணைக்குக் கீழே இருக்கின்றன. ஏன் பதில் எழுதவில்லை என்று கேட்டேன். "எழுதுவன்" என்றாள், அவ்வளவுதான். அனுப்புவேனா என்று கேட்டீர்கள். என் மனதைச் சொன்னால், அனுப்ப மாட்டேன். நாகப்பூசணியிடம் சொன்னது உங்கள் காதில் விழத்தான் சொன்னேன். அதற்கு மேல் எழுத இருந்தேன், விமலா அதைத் தானே எழுதுவதாகச் சொல்லிவிட்டாள்.

கலந்தர் நானாவிடம் அரிசி கொடுத்துவிடவில்லை. வறுத்து இடித்த மா அனுப்புகிறேன். கொதிதண்ணி ஊற்றிக் குழைத்தால் போதும், எந்த மலையிலும் வேகும் என்று நினைக்கிறேன். பையைத்தான் கட்டியிருக்கிறேன், எதையும் அடைக்கவில்லை.

நாகேஸ்வரி

இத்துடன் விமலா எழுதுவது.

நீங்களும் அம்மாவும் ஒருவருக்கொருவர் எழுதின கடிதங்கள் எல்லாவற்றையும் சேர்த்து வைத்து, தொடக்கத்தில் இருந்து வாசித்தேன். அங்கே வந்தவை என்னிடம் இருந்தன, இங்கே வந்தவற்றை அம்மாவின் பெட்டியில் எடுத்தேன். எல்லாம் என்னைப் பற்றித்தான். ஒன்றாவது எனக்கு இல்லை.

நான் சொன்னதை நீங்கள் கூத்து என்று எடுத்தீர்கள். அம்மா குடி என்றும் பட்டினி என்றும் எடுத்தா. இரண்டு பேரும் அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தேடினீர்கள். வேறு ஒன்றும் இருக்கவில்லை. படியில் விழுந்த அன்றும் அதையேதான் சொன்னேன், கொஞ்சம் நில்லுங்கோ என்று.

நான் மேலே வருவதா இங்கேயே இருப்பதா என்று இனி நீங்கள் இரண்டு பேரும் கடிதத்தில் தீர்க்க வேண்டாம். மாத்திரை போடுகிறேன். முப்பத்தோராம் நாள் கழிந்ததும் ஒவ்வொரு நாளும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு குளக்கட்டில் ஏறி இறங்குவேன். இப்போது வாசற்படி ஏறினாலே இளைக்கிறது. இளைக்காத நாளில் நானே உங்களுக்கு எழுதுவேன். அதுவரைக்கும் கீழே எங்கேயாவது இடமாற்றம் கிடைக்குமா என்று கேட்டுப் பாருங்கள். எனக்கு உங்களைத் தேடுகிறது. அதையும் சந்தேகப்பட வேண்டாம்.

மூச்சு முட்டுது எண்டு நான் சொன்னால், எனக்கு மூச்சு முட்டுது. அவ்வளவுதானப்பா.

விமலா